முப்பதாம் நாள் கட்டம்

எங்கள் பிரிவில் அவருக்குச் சல்லடை என்று பெயர். வைத்தது நான்தான். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், இருபதாயிரம் வரிசை கொண்ட தரவுக் கோப்பு ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அது துடைத்து வைத்த தட்டுப்போலத் திரும்பி வந்தது. வயது நூற்றுத் தொண்ணூறு ஆனவர்கள், பிறப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஒரே நாளில் நாலு முறை டிஸ்சார்ஜ் ஆனவர்கள் எல்லாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தார். "நீங்க மனுஷனா, சல்லடையா சார்?" என்று கேட்டேன். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். 

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவு எங்களுடையது. மூன்றாவது மாடியில், பழைய ரெக்கார்டுகள் அடுக்கிய அறைக்குப் பின்னால், திறக்காத ஜன்னல் ஒன்றுடன் எங்கள் அறை. இரண்டு மேஜை, ஒரு பிரின்டர், கை உடைந்த நாற்காலி ஒன்று. அந்த நாற்காலி அவருடையது. தரவு முதலில் அவரிடம் போகும். சுத்தமானபின் என்னிடம் வரும். நான் அதை வைத்து மாடல் பழக்குவேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இப்படி வந்தவர் பிறகு இப்படி ஆனார் என்று சொல்லித் தருவது. அப்புறம் புதிதாக ஒருவர் வந்தால் அவர் என்ன ஆவார் என்று அது ஒரு எண் சொல்லும். எண்ணைச் சொல்வது அது. அதற்கு யாரைக் காட்டினோம், யாரை மறைத்தோம் என்பது எங்கள் கைங்கரியம்.

சல்லடைக்கு அப்போதே ஐம்பதை நெருங்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை. தையல் கடையில் பேன்ட்டுக்கு ஓரம் அடிக்கும் அக்காவுடன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார். அந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் குரல் தெரியும். தினமும் பதினொரு மணிக்கு அவருடைய ஃபோன் அடிக்கும். கையில் வேலை இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

"என்னடா, இன்னிக்கு எத்தனை பேர வடிகட்டின?"

"முன்னூத்தி பதினாலு பேருக்கா."

"பாவம்டா, யாரு பெத்த புள்ளைங்களோ. சரி, சாப்பாட்டு டப்பாவ கழுவாம எடுத்துட்டு வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஃபோனை வைத்துவிட்டு அசடு வழியச் சிரிப்பார்.

அவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் செய்கிற வேலைக்கு நோட்டு எதற்கு என்று நான் கிண்டல் செய்வேன். ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி பிரித்திருப்பார்: வந்தது, போனது, மிச்சம். எந்தக் கோப்பு வந்தாலும் எத்தனை வரிசை வந்தது, எத்தனை தூக்கினார், எத்தனை நின்றது என்று பென்சிலில் எழுதிவிட்டுத்தான் என்னிடம் தருவார். நான் அந்த மூன்றாவது பத்தியை மட்டும்தான் பார்ப்பேன். எனக்கு வேண்டியது மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவேன். ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றாலோ, செய்த தப்பை மழுப்ப வேண்டுமென்றாலோ மட்டும் அண்ணா. எனக்கே தெரியாமல் வரும். அவர் கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

எமர்ஜென்சிப் பிரிவுக்கான வேலை எங்களிடம் வந்தபோது நாங்கள் இருவரும் தற்காலிகம். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்று கடைசி நாள் வரை வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் பிரிவின் தலைவர், நாங்கள் பேராசிரியர் என்று கூப்பிடுபவர், இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"மூச்சுத்திணறலோட வர்றவங்கள்ல யார வார்டுல சேர்க்கணும், யார வீட்டுக்கு அனுப்பலாம்னு மாடல் சொல்லணும். பெட் பத்தல, எல்லாரையும் சேர்க்க முடியாது. இதப் பத்தி நாம எழுதற ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தா இங்க ஒரு நிரந்தர போஸ்ட் வரும்."

ஒரு போஸ்ட். இரண்டு பேர். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மூன்று வருடத் தரவு வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அவர்களை முப்பதாம் நாள் திரும்ப வரச் சொல்லியிருப்பார்கள். வந்தால் நலமா, மோசமா என்று கடைசிக் கட்டத்தில் எழுதுவார்கள். அந்தக் கட்டம் இரண்டாயிரத்து முன்னூற்று எட்டுப் பேருக்குக் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் அந்த வரிசையைத் தூக்கிவிடும் கம்ப்யூட்டர் கட்டளை ஒன்று சல்லடையிடம் தயாராக இருந்தது. ஒன்பது வருடம் முன்பு பல் மருத்துவப் பிரிவுக்காக அவரே எழுதியது. பல்லை அடைத்துக்கொண்டு போனவன் முப்பதாம் நாள் வராவிட்டால் யார் குடியும் முழுகிவிடாது. அதே கட்டளையை ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தோம். இதற்கும் போட்டார். நோட்டில் 'போனது 2308' என்று எழுதினார். நான் மிச்சத்தை வாங்கி மாடல் பழக்கினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொன்னது. பேராசிரியர் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஆள் பிளாஸ்டிக் ஃபைலும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். லாரி ஓட்டுகிறவர். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டுக்கு நகல் வேண்டுமாம். கீழே யாரோ தவறாக மூன்றாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இங்க இல்லங்க, கீழ ரெக்கார்ட் செக்‌ஷன்" என்றேன்.

"அவங்கதாங்க இங்க அனுப்பினாங்க. காலையிலேர்ந்து மாடி மாடியா ஏறிட்டு இருக்கேன்."

சல்லடைக்குப் பாவமாக இருந்திருக்கும். "நம்பர் சொல்லுங்க, எந்தத் தேதின்னாவது பார்த்துச் சொல்றேன்" என்றார். அந்த ஆள் சீட்டு எண்ணைச் சொன்னார். சல்லடை முதலில் சுத்தம் செய்த கோப்பில் தேடினார். இல்லை. பிறகு மூலக் கோப்பைத் திறந்தார். இருந்தது.

"அப்பா முப்பதாம் நாள் செக்கப்புக்கு வரலையா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

"எப்படிங்க வருவாரு? வீட்டுக்கு அனுப்பின நாலாம் நாளே போயிட்டாரே."

சல்லடையின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த ஆளைத் தானே கீழே அழைத்துப்போய், உரிய கவுன்ட்டர் ஜன்னலில் நிறுத்தி, நகல் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்து நோட்டைத் திறந்து, அந்த இரண்டாயிரத்து முன்னூற்று எட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பதினொரு மணி ஃபோன் அடித்தது. எடுக்கவில்லை.

"செத்தவன் எப்படிம்மா செக்கப்புக்கு வருவான்?" என்று என்னிடம் கேட்டார். "வந்தவன் எல்லாம் உயிரோட இருக்கறவன். அவனுங்கள மட்டும் காட்டிட்டு, பார், வீட்டுக்கு அனுப்பினா ஒண்ணும் ஆகலைன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம்."

எனக்கும் அந்த நொடியே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, என் படிப்பே அதுதான். "எல்லாருமா செத்திருப்பாங்க சார்? வேலை இருந்திருக்கும், வந்திருக்க மாட்டாங்க" என்று சப்பைக்கட்டு கட்டினேன்.

"இருக்கும். கேட்டுட்டாத் தெரிஞ்சிடும்."

கேட்டார். மூலக் கோப்பில் ஃபோன் எண்கள் இருந்தன. காலியான வரிசைகளில் பத்துக்கு ஒன்று வீதம் எடுத்து, இருநூற்று முப்பத்தொரு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய குரல் கேட்கும். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல. எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான்."  பிறகு, "மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது" என்பார். சில பேர் திட்டுவார்கள். இத்தனை நாள் கழித்துக் கேட்க வந்துவிட்டாயா என்று ஒரு பெண் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அவர் ஃபோனைக் கட் பண்ணாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

எண்பத்தெட்டு எண்கள் உபயோகத்தில் இல்லை, அல்லது எடுக்கவில்லை. பேசியவர்கள் நூற்று நாற்பத்து மூன்று. அதில் எண்பத்து மூன்று பேர் நன்றாக இருந்தார்கள், வரச் சோம்பல், அவ்வளவுதான். இருபத்தொன்பது பேர் மோசமாகி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். முப்பத்தொரு பேர் முப்பது நாளுக்குள் இறந்துபோயிருந்தார்கள்.

பேராசிரியர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். சல்லடை நோட்டை மேஜைமேல் விரித்து வைத்தார். பேராசிரியர் அதைத் தொடவே இல்லை. இரண்டு விரலால் கொஞ்சம் தள்ளினார் என்பதுதான் சரி.

"இது நீங்களா ஃபோன் பண்ணிக் கேட்டது. அது ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்து எழுதினது. ரெண்டையும் கலந்தா தரவு கெட்டுடும். நீங்களே எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க, குப்பைய உள்ள விடாதீங்கன்னு?"

"சார், முப்பத்தோரு பேரு செத்திருக்காங்க."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் கேக்கறது முறையப் பத்தி."

"முறையிலதான் தப்பு இருக்கு. காலியா இருந்தா தூக்குன்னு எழுதினது நான். என் தப்புதான். நான் ஒத்துக்கறேன். அந்தக் கட்டளைய எடுத்துட்டுத் திரும்பப் பழக்கணும். மிச்சம் எல்லாருக்கும் ஃபோன் பண்ணச் சொல்லுங்க, நானே பண்றேன்."

"கட்டுரை அடுத்த மாசம் போகணும். இப்பப் போய் ரெண்டாயிரம் பேருக்கு ஃபோனா?" பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "மாடல் பழக்கினது நீ. நீ என்னம்மா சொல்ற?"

சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வாயைத் திறந்தேன். "எல்லாத் தரவும் ஒரே முறையில சேகரிச்சதா இருந்தாத்தான் நல்லது சார். இத வேணும்னா தனியா ஒரு ஆராய்ச்சியாப் பண்ணலாம்."

வாய் கூசாமல் சொன்னேன். என் குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த ஒரு போஸ்ட் என் கண்முன் நாற்காலியும் மேஜையுமாகத் தெரிந்தது என்பதை இன்று மறைத்து என்ன ஆகப் போகிறது? சல்லடை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். கூட்டல் தப்பாக வந்த பக்கத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், எங்கே விட்டோம் என்று.

கட்டுரை வெளிவந்தது. காலியான இரண்டாயிரத்து முன்னூற்று எட்டு வரிசைகள் நீக்கப்பட்டன என்று அதில் அரை வாக்கியம் இருந்தது. அந்த வருடம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிதி இல்லையாம். நிரந்தர வேலை எனக்கு வந்தது. கடைசி நாள் அவர் ஸ்கேலையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டார். நோட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. அந்தக் கட்டளைய மட்டும் எடுத்துட்டு ஒரு தடவ பழக்கிப் பாரு. யார்கிட்டயும் சொல்லாமகூடப் பண்ணலாம்."

"கண்டிப்பா பாக்கறேன்ணா" என்றேன்.

பார்க்கவில்லை. நோட்டை அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினேன். அவரை நான் கூப்பிடவும் இல்லை. ஒருமுறை பஸ்ஸில் முன்பக்கம் அவருடைய முதுகைப் பார்த்துவிட்டு, இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன். மாடல் எமர்ஜென்சியில் வேலைக்குப் போனது. டியூட்டி டாக்டரின் திரையில் மூலையில் ஒரு சின்னப் பச்சைக் கட்டம், அதில் நூற்றுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு எண். பத்துக்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம்.

ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருக்கும். எங்கேயோ இருக்கும் ஆராய்ச்சியாளர் ஒருவர் எங்கள் கட்டுரை வந்த பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருந்தார். நீக்கப்பட்ட இரண்டாயிரத்து முன்னூற்று எட்டுப் பேருக்கு என்ன ஆயிற்று, மாடல் வேலைக்கு வந்தபின் திரும்ப வராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டே கேள்வி. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் வராதவங்களுக்கு ஃபோன் பண்ணிக் கேளு. பத்துக்கு ஒண்ணு எடுத்தாப் போதும். எனக்கு ஒரு யோசனை தோணுச்சு." தனக்குத் தோன்றியதாம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "கடிதத்துக்குப் பதில் எழுத மட்டும்தான். மாடல்ல கை வெச்சுடாத. நாலு ஆஸ்பத்திரி அது வேணும்னு கேட்டிருக்காங்க."

கண்துடைப்பு என்று தெரிந்தேதான் உட்கார்ந்தேன். தரவில் பெயர் இருக்காது, வரிசை எண்ணும் ஃபோன் எண்ணும் மட்டும்தான். மேஜை ஃபோனில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூன்றாம் நாள், பதினெட்டாவது எண். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தேன். அது யாருடைய வார்த்தைகள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான்" என்று அந்தப் பக்கத்துக் குரல் முடித்து வைத்தது. "சொல்லும்மா. வரிசை எண் என்ன?"

 அவருடைய எண் என் கைப்பேசியில் சல்லடை என்ற பெயராகத்தான் இருந்தது, எண்ணாக நான் அறிந்ததே இல்லை.

"சார்..."

"அந்த வரிசை அக்காதாம்மா. எட்டு மாசம் ஆச்சு. நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்குதுன்னா. கூட்டிட்டு வந்தேன். ஸ்கோரு ஆறுன்னு வந்துது. சின்னப் பையன் டாக்டரு. தம்பி, இந்த நம்பர நம்பாதீங்க, இதுக்குத் தரவு சுத்தம் பண்ணிக் கொடுத்ததே நான்தான்னு சொன்னேன். ஒரு மாதிரியாப் பார்த்தாரு. தொண்ணூத்தாறு பர்சென்ட் கரெக்டு சார்ன்னாரு. அக்காவும் வாடா போலாம், நாலு பேரு பாக்கறாங்க, மானத்த வாங்காதன்னு கையப் புடிச்சு இழுத்தா."

நான் அந்த வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஆறு என்று எழுதினேன்.

"ஆட்டோல வர்றப்போ சிரிச்சிட்டே கேட்டா, என்னடா, என்னையும் வடிகட்டிட்டீங்களான்னு. மூணாம் நாள் போயிட்டா."

"நீங்க... எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? எந்த ஜன்னல்ல? முப்பதாம் நாள் வந்தாத்தானே கட்டத்துல எழுதுவீங்க." அவரே தொடர்ந்தார். "ஃபாரத்துல என் நம்பரக் கொடுத்திருந்தேன். என்னைக்காவது ஒருத்தர் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு இந்த நம்பர மாத்தவே இல்ல. குளிக்கப் போனாக்கூட ஃபோனைப் பக்கத்துல வெச்சிருப்பேன். எழுதிக்கிட்டியாம்மா?"

"எழுதிட்டேன்."

"அந்தக் கட்டளைய எழுதினவன் நான். வேற யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தத் தடவையாவது அவள வெச்சுக்குவீங்களா, தூக்கிடுவீங்களா?"

அலமாரியின் அடித்தட்டு நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பேராசிரியர் அறைக் கதவு திறந்திருந்தது.

"வெச்சுக்கறோம்ணா" என்றேன்.

அவர் சிரித்த சத்தம் கேட்டது. டப்பாவைக் கழுவச் சொல்லி அக்கா மிரட்டும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு.

"அண்ணான்னு கூப்பிட்டியா? அப்ப சரி, தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.